தைலமும் ஆவியும்: சைனஸுக்கும் மார்ச்சளிக்கும் நீலகிரித் தைலத்தைச் சரியாகப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்தாலே எனக்குத் தலை கனக்கத் தொடங்கிவிடும். காலையில் பல் தேய்க்கக் குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் ஈயம் ஊற்றியது போல ஒரு பாரம். மூக்கின் ஒரு பக்கம் அடைத்திருக்கும். படுக்கையில் புரண்டு படுத்தால் அடைப்பும் மறுபக்கம் போகும். சின்ன வயதில் இதற்கு எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். வெங்கலப் பானையில் நொச்சி இலை கொதிக்கும். அப்பாயி போர்வையால் என்னையும் பானையையும் சேர்த்து மூடிவிட்டு, "நல்லா இழுத்து விடு தங்கம்" என்று வெளியே இருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் யாராவது ஒரு சின்னக் குப்பி நீலகிரித் தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நொச்சி பறிக்கப் போகும் வேலை நின்றது.

இருபது வருடத்துக்கு மேல் சைனஸ் தொந்தரவோடு இருக்கிறேன். மருத்துவர்களிடம் கேட்டது, படித்தது, வீட்டில் செய்து பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தைலம் நோயைத் தீர்ப்பதில்லை. நோய் தானாக ஆறும் நாட்களில் மூச்சை இலேசாக்கித் தருகிறது. அந்த உதவிக்கு இரண்டு மூன்று சொட்டுப் போதும். ஸ்பூன் கணக்குக்குப் போனால் அதே தைலம் விஷம்.

எங்கே அடைத்திருக்கிறது?

மூக்கைச் சுற்றி எலும்புக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உண்டு. கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒன்று, இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒன்று, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிறு வாசல் வழியாக மூக்குக்குள் திறக்கிறது. கன்ன அறையின் வாசல் கீழே இல்லை, மேல்பக்கம் இருக்கிறது. அங்கே ஊறும் சளி தானாக வழிந்து வராது. உள்தோலில் இருக்கும் நுண்மயிர்கள்தான் அதை மேலே தள்ளி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும்.

சளி பிடிக்கும்போது வைரஸ் இந்த உள்தோலை வீங்க வைக்கிறது. வாசல் மூடிக்கொள்கிறது, நுண்மயிர்கள் சோர்ந்துவிடுகின்றன, உள்ளே நீர் தேங்குகிறது. குனியும்போது வலிப்பது அதனால்தான். ஆக, அடைப்பு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் வீக்கம். மூக்கைச் சிந்திச் சிந்திப் பார்த்தும் ஒன்றும் வராமல் அடைப்பு மட்டும் அப்படியே இருப்பதன் காரணம் இது. சித்த மருத்துவத்தில் இந்தத் தொந்தரவைப் பீனிசம் என்பார்கள்.

மார்ச்சளியும் ஏறக்குறைய இதே கதைதான், இடம் மட்டும் கீழே. மூச்சுக்குழாய்களின் உள்தோல் வீங்கி, சளி கூடுதலாகச் சுரந்து, அதை வெளியே தள்ள இருமல் வருகிறது. இதுவும் பெரும்பாலும் வைரஸால் வருவது. இருமல் ஓய சராசரியாக 18 நாள் வரை ஆகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஐந்தாம் நாளே பொறுமை இழந்து மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறார்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்ற நம்பிக்கையும் தவறு. நம் உடம்பின் வெள்ளையணுக்கள் வேலை செய்யும்போதும் அந்த நிறம் வரும்.

தைலம் உள்ளே போய் என்ன செய்கிறது?

நீலகிரித் தைலத்தின் உயிர்நாடி சினியோல் என்ற பொருள். யூகலிப்டால் என்றும் சொல்வார்கள். மருந்துத் தரமான தைலத்தில் இது 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது ஐரோப்பிய மருந்து நூலின் அளவுகோல். புதினாத் தைலத்தில் இருப்பது மெந்தால். குப்பியைத் திறந்து முகர்ந்தவுடன் "அப்பாடா, மூக்குத் திறந்துவிட்டது" என்று தோன்றுகிறதே, அது பெரும்பாலும் மெந்தாலின் வேலை.

ஆனால் உண்மையில் மூக்கு அப்போது திறப்பதில்லை. நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. மெந்தால் அதைத் தொட்டதும், குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் நகரில் சளி பற்றிய ஆய்வு மையத்தை நடத்திய ரான் எக்கிள்ஸ் இதை அளந்தே காட்டினார். மெந்தால் முகர்ந்தவர்கள் மூச்சு நன்றாகப் போகிறது என்றார்கள். கருவியோ மூக்கின் தடை கொஞ்சமும் குறையவில்லை என்றது. இதை ஏமாற்று வேலை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. மூக்கடைத்து இரவெல்லாம் தூங்காதவருக்கு அந்த உணர்வே பெரிய நிம்மதி. வீக்கம் அப்படியேதான் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

சினியோலின் கதை கொஞ்சம் வேறு. ஜெர்மனியில் தூய சினியோலை, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும் மாத்திரைக் குமிழாக (கேப்சூல்) தருகிறார்கள். 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. 2004-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக் தேவைப்படாத சைனஸ் அழற்சி கொண்ட 152 பேரில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் தலைவலியும் அடைப்பும், மருந்தில்லாத வெற்றுக் குமிழ் சாப்பிட்டவர்களைவிட நன்றாகக் குறைந்தன. 2009-ல் வந்த இன்னொரு ஆய்வில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள 242 பேருக்கு வழக்கமான மருந்துகளோடு இதையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். அவர்களுக்கு நோய் முற்றித் தொந்தரவு தரும் தடவைகள் குறைந்தன. அப்படியானால் தைலத்தைக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். அது அளந்து, சுத்தம் செய்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த மருந்து. ஊட்டிக் குப்பியிலிருந்து சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் ஆவி. இங்கிலாந்தில் நாள்பட்ட சைனஸ் தொந்தரவு உள்ள 871 பேரிடம் ஆவி பிடிப்பதையும் உப்பு நீரில் மூக்கைக் கழுவுவதையும் ஒப்பிட்டுப் பார்த்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூக்குக் கழுவியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆவி தலைவலியைக் கொஞ்சம் குறைத்தது, மற்றபடி பெரிதாக எதுவும் இல்லை. படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாயியின் போர்வைக்குள் கிடைத்த சுகம் பொய்யா என்று இருந்தது. அந்தச் சுகம் பொய்யில்லை, கொஞ்ச நேரச் சுகம். நாள்பட நன்மை வேண்டுமென்றால் உப்பு நீரையும் கையில் எடுக்க வேண்டும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்தக் குப்பியை வாங்குவது?

தைல மரம் நம் மண்ணின் மரமில்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நீலகிரியில் 1843 முதல் இதை நடத் தொடங்கினார்கள். மலையில் குடியேறிய ஆங்கிலேயர்களின் அடுப்புக்கும் கணப்புக்கும் சோலைக் காடுகள் வெட்டுப்பட்டுத் தீர்ந்துகொண்டிருந்தன. சீக்கிரம் வளரும் விறகு மரம் வேண்டும் என்பதே காரணம். இலையிலிருந்து தைலம் வடிக்கும் தொழில் பிறகு வந்தது. இன்றும் நீலகிரியில் சருகையும் இலையையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கொப்பரையில் அடைத்து, நீராவியோடு தைலத்தை வடித்தெடுக்கிறார்கள். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தைலம் கிடைத்தால் பெரிது. அடிமாட்டு விலைக்குப் பெரிய பாட்டில் கிடைக்கிறது என்றால் சந்தேகப்பட இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

ஒருமுறை ஊட்டியில் ஒரு கடையில், "அண்ணே, ஒரு யூகலிப்டஸ் தைலம் கொடுங்க" என்றேன். கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் எலுமிச்சை வாசனை. அது எலுமிச்சை வாசத் தைல மரத்தின் எண்ணெய், சிட்ரியோடோரா என்பார்கள். அதில் சினியோல் அல்ல, சிட்ரோனெல்லால்தான் நிறைந்திருக்கும். கொசு விரட்டவும் சோப்பு வாசனைக்கும் நல்லது. மூக்கடைப்புக்கு நாம் தேடும் பொருள் அதில் இல்லை. ஆகவே குப்பியில் மரத்தின் பெயரைப் பாருங்கள். யூகலிப்டஸ் குளோபியுலஸ் என்று இருக்க வேண்டும். அதே கடைகளில் விண்டர்கிரீன் தைலமும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். அது மூட்டு வலிக்கு வெளியே தடவுவது. ஆவி பிடிக்கவோ முகரவோ அதை எடுக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் ஒரு சோதனை. வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காற்றாட வையுங்கள். நல்ல தைலம் முழுதாகப் பறந்துவிடும், காகிதத்தில் எண்ணெய்க் கறை நிற்காது. கறை நின்றால் வேறு எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. டர்பன்டைன் போலத் தானும் பறந்துவிடும் பொருள்களைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. எனவே தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தேதி எல்லாம் அச்சிட்ட சிறிய கண்ணாடிக் குப்பியாக வாங்குவதே நல்லது. அடர் நிறக் கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கை இந்தத் தைலம் இளக்கிவிடும். திறந்து ஒரு வருடம் ஆனதைத் தோலில் தடவாதீர்கள். காற்றுப் பட்டுப் பழசான தைலம் அரிப்பும் தடிப்பும் தரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதினாத் தைலம் உத்தரப் பிரதேசத்து வயல்களிலிருந்து ஏராளமாக வருகிறது. உணர்வுக்கு நல்லது, காரம் அதிகம், ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். ஓமத்தின் வாசனைக்குக் காரணம் தைமால். கற்பூரவள்ளியில் இருப்பது அதன் உறவுப் பொருளான கார்வக்ரால். இவற்றைத் தைலமாக வாங்கினால் தோலையும் மூக்கின் உள்தோலையும் எரிக்கும். ஆவிக்கு ஒரு கைப்பிடி ஓமமோ நாலைந்து கற்பூரவள்ளி இலையோ போடுவதே போதும். நொச்சி கிடைக்கும் ஊர்க்காரர்கள் நொச்சியை விட்டுவிட வேண்டியதில்லை. இலையில் தைலத்தின் அளவு தானாகவே குறைவாக இருப்பதால் தவறு நேரும் வாய்ப்பும் குறைவு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் கோடாலித் தைலத்தில் மெந்தால், நீலகிரித் தைலம், கற்பூரம் ஆகியவற்றோடு விண்டர்கிரீனில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டும் சேர்ந்திருக்கிறது. நெற்றிப்பொட்டில் தொட்டு வைக்கலாம். குழந்தை உள்ள வீட்டில் அதைப் பூட்டி வைக்க வேண்டும்.

ஆவி பிடிப்பது, படிப்படியாக

ஆவி பிடிப்பதில் நிஜமான ஆபத்து தைலத்தைவிடக் கொதிநீர்தான். 2020-ல் கொரோனா பயத்தில் எல்லோரும் ஆவி பிடிக்கத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை, ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கை 30 மடங்கு கூடியதாக எழுதியது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தெருமுனையில் குழாய் வைத்து ஆவி கொடுத்தார்கள். பொது இடத்தில் அப்படிச் செய்தால் தொற்றுதான் பரவும், வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சரே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே முதலில் பாதுகாப்பு.

முதல் படி, இடம். உறுதியான மேசை, அதன் முன் நாற்காலி. மடியில், கட்டிலில், தரையில் பாயில் வைத்துப் பிடிக்காதீர்கள். சின்னக் குழந்தைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். அகலமான, அடிகனத்த ஒரு காலிப் பாத்திரத்தை முதலில் மேசையில் வைத்துவிடுங்கள். கொதித்த தண்ணீரை மூடியுள்ள கெட்டிலிலோ பிளாஸ்கிலோ கொண்டுவந்து, அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஊற்றுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். தளபுளவென்று எழும் முதல் ஆவி மூக்குக்குள் போகத் தேவையில்லை.

மூன்றாவது, தைலம். பெரியவர்களுக்கு இரண்டு சொட்டு, அதிகம் போனால் மூன்று. அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் ஒருபோதும் விடாதீர்கள். இந்தத் தைலம் தீப்பற்றும். தைலக் களிம்பைத் தண்ணீரில் போட்டு அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குவது அதைவிட மோசம். மெழுகோடு தெறித்துக் கண்ணில் பட்டால் பெரிய காயம் ஆகும். மருந்துக் கடையில் விற்கும் ஆவி பிடிக்கும் குமிழ்களை வெட்டி, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் விட வேண்டும். விழுங்கும் மாத்திரை மாதிரியே இருப்பதால் அவசரத்தில் விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவற்றை மற்ற மாத்திரைகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

நான்காவது, பிடிக்கும் விதம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முகம் தண்ணீரிலிருந்து ஒரு சாணுக்கும் அதிகமாக விலகி இருக்கட்டும். கனத்த போர்வை வேண்டாம், மெல்லிய துண்டு போதும், அதிலும் ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடுங்கள். மார்ச்சளிக்கு என்றால் வாயால் இழுத்து மூக்கால் விடலாம். ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. தலை சுற்றினாலோ, நெஞ்சு இறுகினாலோ, கண் எரிந்தாலோ உடனே துண்டை எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, முடிந்த பின். மூக்கை ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மென்மையாகச் சிந்துங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்திச் சிந்தினால் சளி காதுப் பக்கம் போகும். தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, மூன்று நான்கு நாள் போதும். மாதக்கணக்கில் தினமும் செய்வது உள்தோலை உலர்த்தி எரிச்சலைத்தான் கூட்டும்.

மின்சார ஸ்டீமர் இருந்தால் பானையைவிடப் பாதுகாப்பு. தண்ணீர்த் தொட்டிக்குள் தைலம் விடாதீர்கள், பிளாஸ்டிக் கெட்டுவிடும். பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே வாசனை போதுமான அளவுக்கு வரும்.

ஆவி இல்லாமலும் பயன்படுத்தலாம்

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கைக்குட்டைதான் எளிது. ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் உலர விட்டு, அவ்வப்போது முகருங்கள். இரவில் தலையணை உறையின் வெளிப்பக்க மூலையில் ஒரு சொட்டு. கன்னமும் கண்ணும் படும் இடத்தில் வேண்டாம். நொச்சி இலையைக் காயவைத்துத் தலையணையில் அடைத்துப் படுக்கும் பழைய வழக்கமும் இதே வேலையைத்தான் மென்மையாகச் செய்கிறது.

நெஞ்சில் தடவ வேண்டும் என்றால் தைலத்தை அப்படியே தடவாதீர்கள். பத்து மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ நான்கு சொட்டு, ஏறக்குறைய இரண்டு சதவீதம். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, அப்புறம் நெஞ்சிலும் முதுகிலும். கல்லூரி நாட்களில் அவசரத்தில் மூக்குக்குக் கீழே கலக்காத தைலத்தைத் தேய்த்து, மேலுதட்டுத் தோல் உரிந்து ஒரு வாரம் அவதிப்பட்டேன். அந்த இடத்துத் தோல் அவ்வளவு மெல்லியது. கடையில் வாங்கும் களிம்பு ஏற்கெனவே கலந்த அளவுதான், அதை மேலும் கலக்க வேண்டாம். ஆனால் அதையும் மூக்குத் துளைக்குள் வைக்காதீர்கள்.

மூக்குக்குள் தைலச் சொட்டு விடுவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: கூடாது. எண்ணெய் எதுவானாலும் மூக்கிலிருந்து வழுக்கி நுரையீரலுக்குள் போனால், அங்கே கரையாமல் தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சித்த, ஆயுர்வேத மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்துச் செய்யும் நசிய சிகிச்சை வேறு விஷயம். வீட்டில் நாமாக விடுவது வேறு.

அறையில் வாசனை பரப்பும் டிஃப்யூசர் வைத்திருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துக் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஓட விடாதீர்கள்.

உப்பு நீர்

தைலத்தைப் பற்றிய வழிகாட்டியில் இது எதற்கு என்று தோன்றலாம். தைலம் தரும் உணர்வோடு உப்பு நீர் செய்யும் சுத்தமும் சேர்ந்தால்தான் சைனஸுக்கு முழு வைத்தியம். தேங்கிய சளியையும் தூசியையும் இது நிஜமாகவே கழுவி வெளியேற்றுகிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த பின், வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் பயன்படுத்தவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா நன்னீரில் இருக்கலாம், கேரளத்தில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அரை லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு ஒரு மட்டமான டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. சோடா எரிச்சலைக் குறைக்கும். தொட்டியின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். கீழ்த் துளை வழியாக வெளியே வரும். யோக வகுப்புகளில் ஜல நேதி என்று சொல்லித் தருவதும் இதுதான். பாத்திரத்தைத் தினமும் கழுவிக் காயவைக்க வேண்டும். இந்த நீரில் தைலம் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதீர்கள்.

நான் செய்யும் வரிசை இது: ஆவி பிடித்துப் பத்து நிமிடம் கழித்து மூக்குக் கழுவுவேன். மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்திருந்தால் அதற்கும் பிறகு ஸ்பிரே. கழுவிய மூக்கில்தான் மருந்து உள்தோலில் படும். ஒவ்வாமையால் வரும் சைனஸுக்கு அந்த ஸ்பிரேதான் முக்கிய மருந்து, தைலம் துணைக்குத்தான்.

மார்ச்சளிக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை

வெதுவெதுப்பான தண்ணீரும் ரசமும் கஞ்சியும் சளியை இளக்கும். படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். நெஞ்சில் தைலம் தடவினால் தூக்கம் வரும். ஆனால் மூச்சு விடும்போது விசில் சத்தம் வருகிறவர்கள், இழுப்பு உள்ளவர்கள் தைல வாசனையில் கவனமாக இருக்க வேண்டும். காரமான வாசனையே மூச்சுக்குழாயைச் சுருக்கி இழுப்பைக் கிளப்பிவிடலாம். அவர்களுக்கு மருத்துவர் கொடுத்த இன்ஹேலர்தான் மருந்து. தைலம் தடவினால் இலேசாக இருக்கிறது என்று இன்ஹேலரை நிறுத்தி, நள்ளிரவில் மூச்சுத் திணறி ஓடியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கிக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் உச்சியிலும் தேய்ப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பூஜைக்கு வாங்கிய கற்பூரக் கட்டி வெள்ளையாக மிட்டாய் போல இருக்கும். தவழும் குழந்தை கையில் எடுத்தால் நேராக வாய்க்குத்தான் போகும். பூஜை அறையின் கீழ்த்தட்டிலிருந்து இன்றைக்கே எடுத்து உயரத்தில் வையுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம், மெந்தால், நீலகிரித் தைலம் எதுவும் வேண்டாம். தடவும் களிம்பும் வேண்டாம். பச்சைக் குழந்தையின் மூக்கருகே மெந்தாலைக் கொண்டுபோனால் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. குளிப்பாட்டிய பின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். காரணம் மேலே சொன்ன எண்ணெய் நிமோனியாதான். குழந்தைக்கு மூக்கடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு, பக்கத்துக்கு ஒன்றிரண்டு, பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டால் போதும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

இரண்டு வயதுக்கு மேல், குழந்தைகளுக்கென்று விற்கும் களிம்பை நெஞ்சில் மெல்லியதாகத் தடவலாம். 2010-ல் அமெரிக்காவில் 138 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், களிம்பு தடவிய குழந்தைகளும் அவர்களின் பெற்றோரும் அந்த இரவில் நன்றாகத் தூங்கினார்கள். சில குழந்தைகளுக்குத் தோலில் எரிச்சலும் இருந்தது. பாத்திரத்தில் ஆவி பிடிப்பது பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்த அறையில் குழந்தையை வெந்நீருக்கு எட்டாதபடி பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தாலே போதும்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. பால், உப்புத் தண்ணீர் எதுவும் ஊற்ற வேண்டாம். 108-ஐ அழையுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஐந்து மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் அளவே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருக்கக்கூடாது.

பெரியவர்களிலும் சிலர் தள்ளியே இருக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் கற்பூரமும் நீலகிரித் தைலமும் கலந்த எதையும் முகரவோ தடவவோ வேண்டாம். அப்படிப் பயன்படுத்திய பிறகு வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்களில் முன்பு வலிப்பே வராதவர்களும் இருந்தார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

எப்போது தைலத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போவது?

சைனஸ் தொந்தரவு பத்து நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லை என்றால். ஐந்தாறு நாளில் சரியாகி வந்து, திடீரென்று மறுபடி காய்ச்சலோடு கூடினால். கெட்டிச் சளியோடு 102 டிகிரி காய்ச்சல் மூன்று நான்கு நாள் நீடித்தால். இவற்றில்தான் பாக்டீரியா சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ஆன்டிபயாடிக் தேவையா என்று அவர் பார்ப்பார்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, குழப்பம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு முகம் மரத்துப் போனாலோ மூக்கிலிருந்து கறுப்பாக வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். 2021-ல் கரும்பூஞ்சை எத்தனை பேரின் கண்ணைப் பறித்தது என்பது நினைவிருக்கும்.

மூச்சு வாங்குவது, உதடு நீலம் பூப்பது, சளியில் ரத்தம், ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டுவது எல்லாம் அவசரம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், சாதாரண மார்ச்சளியாகவே இருக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

என் அலமாரியின் மேல்தட்டில், பூட்டும் பெட்டிக்குள் இருப்பவை இவ்வளவுதான்: பதினைந்து மில்லி நீலகிரித் தைலம் ஒரு குப்பி, மூக்குக் கழுவும் பாத்திரம், அயோடின் சேர்க்காத உப்பு ஒரு டப்பா, காய்ச்சல் பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். குப்பியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, திறந்த தேதியை எழுதி வைத்திருக்கிறேன்.